மலைவீட்டு முற்றமும் கார் பாதையும்: கைக்கருவிகளைக் கொண்டு ஆண்டு முழுவதும் பராமரிக்கும் முறை

நீலகிரியில் வீட்டைச் சுற்றியுள்ள இடத்தைப் பராமரிப்பது என்றால் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். புல் வெட்டுவது, வேலி கத்தரிப்பது, இலை கூட்டுவது, பாசி சுரண்டுவது எல்லாமே கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: மழை பெய்தால் தண்ணீர் போக வேண்டிய வழியில் போகிறதா? கேட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் சிமென்ட் பாதை, அதன் ஓரத்துக் கால்வாய், வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஒரு கூடை சில்வர் ஓக் இலை குழாயின் வாயை அடைத்தால் போதும், தண்ணீர் பாதை மாறிச் சுவரின் பின்பக்கம் இறங்கிவிடும்.

2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டி வட்டாரத்தில் பெய்த மழையில் மலைச்சரிவுகள் இடிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையை எந்த வீட்டுக் கால்வாயாலும் தாங்க முடியாது. ஆனால் நான் பார்த்தவரை, நடுத்தர மழைக்கே சரிந்த வீட்டுச் சுவர்களில் பலவற்றுக்குப் பின்னால் ஓர் அடைபட்ட கால்வாய் இருந்தது. அதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் கருவிகளைத் தனித்தனியாக விவரிக்காமல், எந்தப் பருவத்தில் எதை எடுப்பது, எப்படிப் பிடிப்பது, எங்கே நிறுத்துவது என்ற வரிசையில் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் ஊரின் கெடு எது என்று பாருங்கள்

நீலகிரி ஒரே மாவட்டமாக இருந்தாலும் மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. கூடலூர், பந்தலூர், குந்தா, ஊட்டியின் மேற்குப் பக்கம் ஆகிய இடங்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையில்தான் ஆபத்து அதிகம். ஆகவே கூடலூர்க்காரர் மே மாதக் கடைசிக்குள் கால்வாய் வேலையை முடித்துவிட வேண்டும். கோத்தகிரிக்காரருக்குச் செப்டம்பர் கடைசி வரை நேரம் இருக்கிறது. ஆனால் மே மாதக் கோடை மழைக்கு முன் அவரும் ஒரு சுற்று வந்துவிடுவது நல்லது.

ஆண்டை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி. தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும், வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுவிடும். பாசி காய்ந்து இருக்கும் இந்த மாதங்கள் சுரண்டவும், கருவிகளை சர்வீஸ் செய்யவும் ஏற்றவை. மார்ச், ஏப்ரலில் சருகு. கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகையோ (வாட்டில் மரம்) பக்கத்தில் இருந்தால் தீ பயம் உண்டு, வீட்டைச் சுற்றிக் காய்ந்த இலையை அகற்ற வேண்டும். ஏப்ரல் கடைசியில் சுற்றுலா சீசன் தொடங்கும்போது வேலியைக் கத்தரித்திருக்க வேண்டும். மே மாதத்தில் கால்வாய். ஜூன் தொடங்கியபின் வாரம் ஒருமுறை சுற்றி வந்தால் போதும். செப்டம்பரில் ஒரு பெரிய சுற்று. அக்டோபருக்குப் பிறகு மறுபடியும் வாரம் ஒருமுறை.

இதற்கெல்லாம் முன்னால், குடை பிடித்துக்கொண்டு ஒரு நல்ல மழையில் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே பாதையைக் குறுக்கே கடக்கிறது, எந்த மூலையில் மண்ணை அரிக்கிறது என்று ஒரு தாளில் படம் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த நாளில் இது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எந்தக் கருவி வேண்டும் என்பதை அந்தப் படம்தான் முடிவு செய்யும், கடைக்காரர் அல்ல.

இரண்டாம் படி: பெட்ரோலா, பேட்டரியா?

சமவெளியில் கேட்டு வந்த பதில் மலையில் அப்படியே பொருந்தாது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். சிறு பெட்ரோல் என்ஜின்கள் அந்தக் காற்றை நம்பித்தான் ஓடுகின்றன. ஆகவே கோயம்புத்தூரில் வாங்கி அங்கேயே டியூன் செய்த பிரஷ் கட்டர் (புல்லையும் புதரையும் வெட்டும் கருவி) மலையேறியதும் சக்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். அதோடு கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் கலக்கும். கறுப்புப் புகை, கரி படிந்த பிளக், முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது முக்கித் திணறுவது எல்லாம் அதன் அடையாளங்கள். இதற்காகப் பெட்ரோலில் கலக்கும் ஆயிலைக் குறைத்து ஊற்றாதீர்கள், என்ஜின் சிக்கிவிடும். மலையில் இருக்கும் மெக்கானிக்கிடம் கார்புரேட்டரைச் சரி செய்யச் சொல்வதே வழி.

பேட்டரிக் கருவிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, உயரம் மோட்டாரின் சக்தியைக் குறைப்பதில்லை. அதற்கு எதிரி குளிர். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. உறைபனி இரவில் தகரக் கொட்டகையில் கிடந்த பேட்டரியைக் காலையில் எடுத்து உடனே சார்ஜரில் மாட்டினால் அதன் ஆயுள் குறையும். வீட்டுக்குள் வைத்து அறைவெப்பத்துக்கு வந்தபின் சார்ஜ் போடுங்கள்.

எவ்வளவு நேரம் ஓடும் என்பதைக் கணக்குப் போட்டே வாங்கலாம். 18 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் அதில் 72 வாட்-ஹவர் இருக்கிறது. இலை ஊதும் பிளோயர் முழு வேகத்தில் 350 வாட் இழுத்தால் 12 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு வேலிக் கத்தரிக்கு அதே பேட்டரி இதைவிட வெகுநேரம் வரும். ஆகவே என் தேர்வு இது: வேலி டிரிம்மர், பிளோயர், சிறு செயின் சா மூன்றையும் ஒரே பேட்டரி பொருந்துகிற மாதிரி ஒரே கம்பெனியில் வாங்கி, இரண்டு பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் கட்டர் மட்டும், இடம் 10 சென்ட்டுக்கு மேல் இருந்தாலோ உண்ணிச்செடி மண்டியிருந்தாலோ, பெட்ரோலில் இருக்கட்டும். சின்ன முற்றத்துக்கு அதுவும் பேட்டரியே போதும். பக்கத்து வீட்டுக்காரரின் காதுக்கும் அது நல்லது.

பெட்ரோல் வாங்குவோருக்கு ஒரு விஷயம். இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஜூலை மாதம் முழுக்க மேகத்துக்குள் இருக்கிற ஊரில் டேங்க்கில் விட்ட பெட்ரோல் தண்ணீர் கலந்து கெட்டு, கார்புரேட்டரின் சன்னமான துளைகளை அடைக்கும். டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றும் என்ஜின்) என்றால் கருவிப் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு: 25:1 என்றால் 1 லிட்டருக்கு 40 மி.லி. ஆயில், 50:1 என்றால் 20 மி.லி. ஒரு மாதத்தில் தீரும் அளவுக்கு மட்டும் கலந்து வையுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலக்கும் வேலை இல்லை, ஆனால் ஆயில் அளவைப் பார்த்தே கிளப்ப வேண்டும். சரிவில் சாய்த்துப் பிடித்தாலும் ஓடும் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: உடம்புக்குப் பாதுகாப்பு, காதுக்கு எச்சரிக்கை

கண்ணாடி, முகமூடி வலை, காது மூடி, கையுறை, முழங்கால் வரை மறைக்கும் கம்பூட், தடித்த கால்சட்டை. இவை இல்லாமல் எதையும் கிளப்ப வேண்டாம். காஞ்சொறி போன்ற அரிப்புச் செடிகள் புதரில் கலந்திருக்கும். பிரஷ் கட்டர் அதை நறுக்கித் தூவிவிடும், கழுத்தில் ஒரு துண்டு கட்டிக்கொள்ளுங்கள். கூடலூர் பக்கம் என்றால் அட்டைக்குக் காலுறை.

காது மூடியில் மட்டும் மலையில் ஒரு சிக்கல் உண்டு. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் காட்டெருமை வீட்டு முற்றத்துக்குள் வருவது சாதாரணம், கரடியும் சிறுத்தையும்கூட. என்ஜின் சத்தத்தில் காதை மூடிக்கொண்டு குனிந்து வேலை செய்பவருக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது. காது மூடியைக் கழற்றுவது தீர்வாகாது. இருவராக வேலை செய்வதுதான் தீர்வு: ஒருவர் வெட்ட, ஒருவர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். மூடுபனி விலகிய பிறகு தொடங்கி, மாலை 4 மணிக்குள் முடித்துவிடுங்கள். தேயிலையை ஒட்டிய முற்றமாக இருந்தால், தொடங்கும் முன் புதரைக் கம்பால் தட்டிப் பார்த்துவிடுங்கள், குளவிக் கூடும் பாம்பும் இருக்கலாம்.

நான்காம் படி: பிரஷ் கட்டர், சரிவில் புல் வெட்டும் முறை

முதலில் நடந்து பார்த்துக் கம்பி, கல், பாட்டில் துண்டுகளைப் பொறுக்குங்கள். சாலையோர முற்றம் என்றால் சுற்றுலா வாகனங்களிலிருந்து எறிந்த கண்ணாடி கட்டாயம் இருக்கும். சுழலும் தலையில் பட்ட கல் வெகுதூரம் பறக்கும். 15 மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது, குழந்தையும் நாயும் உட்பட. கார் நிற்கிறது என்றால் அதையும் நகர்த்துங்கள்.

கைப்பிடி வகையைக் கவனியுங்கள். சைக்கிள் ஹேண்டில் போல அகன்ற கைப்பிடி சமதரைக்கு நல்லது, சரிவில் இடுப்பில் இடிக்கும். வளையக் கைப்பிடி உள்ளதோ, என்ஜினை முதுகில் சுமந்து வளையும் குழாயால் தலையை ஓட்டும் வகையோ மேடுபள்ளத்துக்கு வசதி. ஆனால் முதுகில் சுமக்கும் வகையில், விழுந்தால் உடனே கழற்ற முடியாது. பெல்ட்டின் விடுவிப்புக் கொக்கி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடியபடி பழகிக்கொண்டு பிறகு போங்கள்.

எதை மாட்டுவது? மென்புல்லுக்கு 2.4 மி.மீ. நைலான் கயிறு. முற்றிய புல்லுக்கும் மெல்லிய புதருக்கும் மூன்று பல் பிளேடு. சீகைக் கன்று, தண்டு முற்றிய உண்ணிச்செடி என்றால் 80 பல் பிளேடு. நைலான் கயிறு தேயத் தேயத் துண்டுகளாக மண்ணில் விழுகிறது, அது பிளாஸ்டிக்தான். பிளாஸ்டிக் தடையை இவ்வளவு காலமாகக் கட்டிக்காக்கும் மாவட்டத்தில், நாமே அதை ஓடைக்கு மேலே தூவ வேண்டியதில்லை. கல்சுவர் ஓரத்திலும் கால்வாய் விளிம்பிலும் கயிறு வேகமாகத் தேயும். அந்த ஓரங்களை அரிவாளால் அறுத்துவிடுவதே சரி என்று நினைக்கிறேன். பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சரிவில் மேலும் கீழும் ஏறி இறங்கி வெட்டாதீர்கள். குறுக்கே, வரப்பில் நடப்பது மாதிரி நடங்கள். பெரும்பாலான கருவிகளில் பிளேடு மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். வலமிருந்து இடமாக வீசினால், வெட்டிய புல் இடப்பக்கம், ஏற்கெனவே வெட்டிய இடத்தில் விழும். ஆகவே மேட்டுப்பக்கம் உங்கள் வலக்கையில் இருக்கும்படி நடந்து, கீழ் வரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாக மேலே ஏறுங்கள். திரும்பி வரும்போது வெட்டாமல் நடந்து வந்து அடுத்த வரியைத் தொடங்குங்கள்.

பிளேடை, உங்களுக்கு நேர் முன்னால் 12 மணி இருக்கும் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், 12 மணிக்கும் 3 மணிக்கும் இடைப்பட்ட பகுதியால் தடித்த தண்டைத் தொட்டால் கருவி உதைத்துத் தள்ளும். 8 மணியிலிருந்து 11 மணி வரையான இடப்பக்கத்தால் வெட்டுங்கள். வெட்டும்போது முழு ஆக்சிலேட்டர், நகரும்போது விட்டுவிடுங்கள். பாதி வேகத்தில் வெட்டினால் கிளட்ச் தேயும், புல்லும் சுற்றிக்கொள்ளும்.

அடுத்தது மலைக்கே உரிய விதி. சரிவான இடத்தில் புல்லை மழிக்காதீர்கள். 2, 3 அங்குலம் விட்டு வெட்டுங்கள். கிக்குயு புல்லின் படர்ந்த தண்டும் வேரும் அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. பருவமழைக்கு ஒரு வாரத்துக்கு முன் மண்வெட்டியால் கொத்திச் 'சுத்தமாக' வைத்த சரிவு, முதல் பெருமழையில் சேறாகக் கால்வாயில் வந்து கிடக்கும். கொத்துவது என்றால் சமதளத்தில் மட்டும். உண்ணிச்செடியை வெட்டிவிட்டால் திரும்பத் தழைக்கும். அதை ஒழிக்க வேண்டுமானால், மண்ணுக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே அதன் ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். மண்ணும் அதிகம் குலையாது.

20 நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்துக் கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். குளிரில் அதிர்வு விரல்களின் ரத்த ஓட்டத்தைச் சீக்கிரம் பாதிக்கும். விரல் வெளுத்து மரத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும்.

ஐந்தாம் படி: வேலி கத்தரித்தல்

சைப்ரஸ் வேலிக்கு 50, 60 செ.மீ. நீள பிளேடு உள்ள பேட்டரி டிரிம்மர் போதும். பல் இடைவெளி 15 முதல் 20 மி.மீ. வரை இருக்கும், அதைவிடத் தடித்த குச்சியைக் கவாத்துக் கத்தரியால் வெட்டுங்கள். அடிப்பகுதி அகலமாகவும் மேற்பகுதி குறுகியும் இருக்கும்படி வெட்டினால் கீழ்வரை வெயில் படும், அடி மொட்டையாகாது. சைப்ரஸில் பச்சை இலை உள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பழுப்புக் கட்டை வரை வெட்டினால் அங்கே மறுபடி துளிர்க்காது, வேலியில் ஓட்டை நிரந்தரமாகிவிடும்.

தொடங்கும் முன் வேலியைக் கையால் விலக்கிப் பாருங்கள். பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை கொண்டைக்குருவி இந்த உயரத்து வேலிகளில் கூடு கட்டும். கூடு இருந்தால் இரண்டு பக்கமும் ஒரு முழம் விட்டுவிடுங்கள், குஞ்சு பறந்தபின் வெட்டிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் பிளேடில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

ஆறாம் படி: இலை ஊதுதல்

பிளோயர் காய்ந்த இலைக்கு மட்டும்தான். மழையில் நனைந்து சிமென்டில் ஒட்டிய இலையை ஊத முயன்றால் பேட்டரி தீரும், இலை அசையாது. அதற்கு ஈர்க்கு விளக்குமாறு. காலை மூடுபனி ஏறி, வெயில் ஒரு மணி நேரம் பட்டபிறகு எடுங்கள்.

கார் பாதையில் மேலிருந்து கீழே ஊதுவது இயல்பு. ஆனால் பாதையின் கீழ் முனையில் குறுக்குக் கால்வாயின் கம்பிமூடி இருக்கும், அங்கேதான் எல்லா இலையும் போய்ச் சேரும். பிளோயர் வைத்திருப்பவர்கள் அதிகம் செய்கிற தவறு, முற்றத்தைப் பளிச்சென்று ஆக்கிக் கால்வாயை நிரப்புவது. கம்பிமூடிக்கு நான்கு அடி முன்னால் ஒரு சாக்கையோ பலகையையோ குறுக்கே வைத்து, அதில் சேர்த்து, பாண்டில் அள்ளி அப்புறப்படுத்துங்கள். சாலைக்கோ பக்கத்து வீட்டுப் பக்கமோ ஊதித் தள்ள வேண்டாம். கீழே இருக்கும் வீட்டுக்கு உங்கள் இலைதான் வெள்ளம்.

அள்ளிய இலையை எரிக்காதீர்கள். மார்ச் காற்றில் ஒரு பொறி எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கற்பூர இலையையும் சைப்ரஸ் சருகையும் தனிக் குழியில் போட்டு, மண்ணும் சாணமும் கலந்து மக்கவிடுங்கள், நாளாகும். காய்கறிப் பாத்தியில் அவற்றைப் பச்சையாகப் பரப்ப வேண்டாம், விதை முளைப்பதைத் தடுக்கும்.

தகரக் கூரை வீடு என்றால், மே மாதத்தில் கூரைத் தகட்டுக் கால்வாயையும் ஊத வேண்டும். வளைந்த குழாய் இணைப்பு மாட்டித் தரையில் நின்றே செய்யலாம். ஈரக் கூரையில் ஏறுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: கார் பாதையில் பாசி

சரிவான சிமென்டில் பாசி படிந்தால் காலும் வழுக்கும், பிரேக் போட்ட காரும் வழுக்கும். முதல் மருந்து வெயில். பாதைக்கு மேல் குடைபோல் கவிந்த சிறு கிளைகளைக் கழித்தாலே பாதிப் பாசி குறையும். கிளையைத்தான் சொல்கிறேன், மரத்தை அல்ல. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

பிப்ரவரியில் பாசி காய்ந்து ஓடாக இருக்கும். தட்டையான மண்வெட்டியால் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தண்ணீர் இல்லாமலே பெரும்பகுதி வந்துவிடும். பிரஷர் வாஷர் வேண்டும் என்றால் அதற்குரிய நேரம் வேறு. மின்சாரத்தில் ஓடும் சிறிய வாஷர் நிமிடத்துக்கு 6 லிட்டர் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் 360 லிட்டர் போகும். கோடையில் சில நாளுக்கு ஒருமுறை குடிநீர் வருகிற ஊரில் அதைப் பாதை கழுவச் செலவிடக் கூடாது. மழைநீர்த் தொட்டி நிரம்பியிருக்கும் செப்டம்பர் இடைவெளியில் செய்யுங்கள்.

கையில் பிடிக்கும் பேட்டரி வாஷரின் அழுத்தம் 20, 30 பார் அளவுதான். சேற்றையும் இலைக்கறையையும் கழுவும், வேரூன்றிய பாசியை எடுக்காது. அதற்கு 100 பாருக்கு மேல் உள்ள மின்வாஷர் தேவை. நாசில்களுக்கு நிறக் கணக்கு உண்டு: சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. சிமென்டுக்குப் பச்சையில் தொடங்கி, ஓர் அடி தூரத்தில் பிடியுங்கள். சிவப்பைத் தொடவே வேண்டாம், சிமென்டில் கோடு கீறிவிடும், அந்தக் கீறலில் அடுத்த பாசி இன்னும் நன்றாக வளரும். இன்டர்லாக் கல் பதித்த பாதை என்றால் தாழ்வாகச் சாய்த்துப் பிடியுங்கள். இடுக்கிலிருந்த மணல் வெளியேறியிருந்தால் காய்ந்தபின் நிரப்புங்கள், இல்லாவிட்டால் கற்கள் ஆடும். மண் வைத்துக் கட்டிய பழைய கல்சுவரில் வாஷரை நீட்டவே கூடாது.

மேலிருந்து கீழாகக் கழுவி, கால்வாய் வாயில் ஒரு சாக்குத்துணியைக் கட்டிச் சேற்றைப் பிடியுங்கள். பிளீச்சிங் பவுடரையும் மயில்துத்தத்தையும் சிலர் தூவுகிறார்கள். நம் கால்வாய் போய்ச் சேர்வது ஓடையில்தான். மயில்துத்தம் மீனைக் கொல்லும். வேண்டாம்.

மின்கருவியை ஈரத்தில் பயன்படுத்தும்போது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள இணைப்பு கட்டாயம். எக்ஸ்டென்ஷன் வயரின் இணைப்பு தரையில் கிடக்கக் கூடாது.

எட்டாம் படி: விழுந்த கிளைகள்

ஜூன், ஜூலைக் காற்றில் சீகையும் கற்பூர மரமும் கிளை முறியும், சில நேரம் வேரோடு சாயும். 4 முதல் 6 அங்குல பேட்டரிச் செயின் சா, பாதையில் கிடக்கும் கையளவு கிளைகளைத் துண்டாக்க உதவும். சிறியது என்பதால் ஒரு கையால் பிடித்து, இன்னொரு கையால் கிளையைப் பிடிக்கத் தோன்றும். அப்படித்தான் விரல் போகிறது. இரண்டு கையும் கருவியில் இருக்கட்டும். ஏணியில் நின்று செயின் சாவைக் கிளப்பாதீர்கள். சரிவில் கிடக்கும் கட்டையை அறுக்கும்போது மேட்டுப்பக்கம் நில்லுங்கள், துண்டு கீழே உருளும். வளைந்து விறைப்பாக நிற்கும் கிளையை, அதிலும் பாதி சாய்ந்த மரத்தை, நீங்கள் தொட வேண்டாம். மின்கம்பி மேல் விழுந்திருந்தால் கிட்டவே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

நிற்கும் மரத்தை வெட்டுவது சட்டத்துக்கு உட்பட்டது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்க வேண்டும். பெரிய கிளை கழிப்பதானாலும் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். ஆபத்தாகச் சாய்ந்த மரம் என்றால் போட்டோ எடுத்து மழைக்கு முன்பே மனு கொடுங்கள், ஜூன் மாதம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

ஒன்பதாம் படி: கால்வாயும் சுவரும்

இதற்கு மோட்டார் கருவி எதுவும் வேண்டாம். குறுகிய மண்வெட்டி, பாண்டு, இரண்டு மூன்றடி நீளமுள்ள 12 மி.மீ. இரும்புக் கம்பி, பாதைக்கு அடியில் போகும் குழாய்க்கு வளையும் நீளக் கம்பி. மே மாதத்தில் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். வேறு எதைச் செய்யாமல் விட்டாலும் இதை விடாதீர்கள்.

கால்வாயை வெளியேறும் முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுத்தம் செய்யுங்கள். மேலிருந்து தொடங்கினால் கிளறிய மண் கீழே போய் அடைக்கும். அள்ளிய மண்ணைச் சரிவின் விளிம்பில் கொட்டாதீர்கள், முதல் மழையில் அதே இடத்துக்கு வந்துவிடும். உள்பக்கப் பாத்தியில் பரப்புங்கள். கால்வாயின் அடிச் சிமென்டில் விரிசல் இருந்தால் காய்ந்த நாளிலேயே பூசுங்கள். விரிசல் வழியாக இறங்கும் தண்ணீர்தான் கண்ணுக்குத் தெரியாமல் அஸ்திவாரத்துக்குப் போகிறது.

தடுப்புச் சுவரில் வரிசையாக நீர் கசியும் துளைகள் இருக்கும். சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேறும் வழி அது. தேங்கினால் அதன் அழுத்தம் முழுக்கச் சுவர் மேல்தான். துளைகளில் புல்லும் பெரணியும் வளர்ந்து பார்க்க அழகாக இருக்கும், ஆனாலும் பிடுங்கிவிடுங்கள். கம்பியை உள்ளே விட்டுத் திருகித் திருகி இழுங்கள். இடித்துக் குத்தினால் பின்னால் போட்ட ஜல்லி குலையும். பிரஷர் வாஷரை இதில் பீய்ச்சக் கூடாது, மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்துவிடும். அப்புறம் மழை நாளில் வந்து பாருங்கள். துளையில் தெளிந்த நீர் வந்தால் நல்லது. கலங்கிய நீர் வந்தால் பின்னால் மண் அரிக்கிறது என்று பொருள், பொறியாளரைக் கூப்பிடுங்கள். எப்போதும் மழையில் சொட்டும் துளை திடீரென்று நின்றால் அடைப்பு. சுவர் வயிறு தள்ளினாலோ புதிய விரிசல் அகன்றுகொண்டே போனாலோ கருவியை எல்லாம் விட்டுவிட்டு வீட்டாரை வெளியேற்றி, மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்கு அழையுங்கள்.

பத்தாம் படி: எடுத்து வைப்பதும், ஆள் வைப்பதும்

மலை ஈரத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். பிளேடுகளை எண்ணெய்த் துணியால் துடைத்து, தரையில் வைக்காமல் சுவரில் மாட்டுங்கள். மாதக்கணக்கில் பயன்படுத்தாத பெட்ரோல் கருவியின் டேங்க்கைக் காலி செய்து, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கலந்த பெட்ரோல் கேனில் தேதியும் விகிதமும் எழுதி ஒட்டுங்கள். பேட்டரியைப் பாதி சார்ஜில், வீட்டுக்குள், அடுப்புக்கும் ஹீட்டருக்கும் தள்ளி வையுங்கள். சார்ஜர் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் பூஞ்சை வராது. விவசாய நிலமும் இருக்கிறவர்கள், புதிதாக வாங்கும் முன் வேளாண் பொறியியல் துறையில் எந்தெந்தக் கருவிக்கு மானியம் இருக்கிறது என்று உழவன் செயலியில் பார்த்துவிடலாம்.

இந்த வேலைகளுக்குப் பலர் ஆள் வைக்கிறோம். கூலி பேசும்போதே கண்ணாடி, காது மூடி, கம்பூட் ஆகியவற்றை நாமே வாங்கி வீட்டில் வைத்துவிடுவது நியாயம், வருகிற அண்ணன் யாராயிருந்தாலும் அளவு சரியாக இருக்கும்படி இரண்டு ஜோடி. வேலை தொடங்கும் முன் செப்டிக் டேங்க் மூடி, புதைத்த மின்கம்பி, குடிநீர்க் குழாய் போகும் இடம் மூன்றையும் கூட நடந்து காட்டுங்கள். காட்டிய இடங்களில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டால், உயரமான புல்லுக்குள்ளும் அவர் கண்ணில் படும்.